பூச்சியில்லாத கிணறு

ஜூன் 4

கல்லூரி திறந்தது. விலங்கியல் துறைத்தலைவர் நாற்காலியில் இந்த ஆண்டும் கல்லூரிச் செயலாளரின் மைத்துனர்தான். மண்புழுவை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். மண்புழுவைக் கையில் எடுக்கச் சொன்னால் அலறுவார். இத்தனை ஆண்டு வேலை பார்த்த எனக்கு ஜன்னலோர மேசையும் ஒழுகும் குழாயும்.

மாலையில் சுயம்பு வந்தார். கூவைக்குளத்தின் கரையில் டீக்கடை வைத்திருக்கிறார். குளப் பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளரும் அவரே. பையைக் கவிழ்த்து என் மேசையில் நத்தை ஓடுகளைக் கொட்டினார்.

"சார், குளத்துல இதுவ செத்துச் செத்து ஒதுங்குது. மணல் கம்பெனிக்க கழிவுத்தண்ணி ஓடை வழியா நேரா இங்கதான் வந்து விழுது. அவனுவ ஒராள விட்டுப் பாத்துட்டு, வெயில்ல செத்துதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. நாங்க ஆர்டிஓ ஆபீசுல மனு குடுத்திருக்கோம். படிச்சவிய ஒராள் எங்க பக்கம் நின்னு பேசணும்."

கம்பெனி கடற்கரை மணலைத் தோண்டிக் கனிமங்களைப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்றில் தோரியம் இருக்கிறது; கதிர் வீசும். பிரித்தது போக மிஞ்சுவது எங்கே போகிறது என்று கேட்டால் வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள்.

"எழுதிக் கொடுத்தது யார்?"

"ஞானாபரணம்னு ஒரு டாக்டர். தன்மையான மனுசன் சார். எனக்க கடையில உக்காந்து பழம்பொரி தின்னாரு."

செய்து தருகிறேன் என்றேன். நத்தைகளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சுயம்பு போனார்.

ஜூன் 5

ஞானாபரணமும் நானும் ஒரே நுண்நோக்கியில் மாறி மாறிக் கண் வைத்தவர்கள். ஊர்க் குளமொன்றில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு சிற்றிறாலை முதலில் பார்த்தது நான். கட்டுரை வெளிவந்தபோது அவன் பெயர் மேலே இருந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில்: "மாதிரிகள் சேகரிப்பில் உதவிய திரு. நேசையனுக்கு நன்றி." வாளி தூக்கியவனுக்கு நன்றி. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் அவன் கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரி ஆனான்.

பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம், என் மகள் ஷெர்லின் கல்யாணம் வரைக்கும். கல்யாணத்துக்கு வந்தவன் சம்பந்தியிடம் என்னை "எனக்க பழைய அசிஸ்டென்ட்" என்று அறிமுகப்படுத்தினான். அதோடு முடிந்தது.

ஜூன் 9

வேலையைத் தொடங்கிவிட்டேன். நத்தை போதாது, நத்தை மந்தமான சாட்சி. நீர்த்தெள்ளை எடுத்திருக்கிறேன். கடுகளவுகூட இல்லாத உயிர். உடம்பு கண்ணாடி. முதுகுப் பையில் முட்டை இருப்பது வெளியிலிருந்தே தெரியும், இதயம் துடிப்பது தெரியும். நன்றாக இருக்கும் காலத்தில் எல்லாமே பெண்தான். ஆண் துணையில்லாமலே பெறும். நிலைமை கெட்டால்தான் ஆண் குஞ்சு பிறக்கும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசையில் குளத்து நீர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசையில் நல்ல நீர். நல்ல நீருக்கு எங்கும் அலையவில்லை. என் வீட்டுக் கிணற்று நீர்தான். அப்பா வெட்டிய கிணறு. ஊரில் பல கிணறுகளில் பாசி படரும், புழு நெளியும். எங்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடிமண் தெரியும். ஒரு பூச்சி கிடையாது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு டம்ளர் கொடுத்து இதைச் சொல்வது என் வழக்கம்.

ஜூன் 14

ஷெர்லினைக் கோயம்புத்தூரில் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். ஏழாம் மாதம். மருமகன் மஸ்கட்டிலிருந்து பேறுகாலத்துக்குத்தான் வருவாராம். போன தடவை இங்கே வந்து தங்கியிருந்தபோது நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குக் காரணம் பேருந்துக் குலுக்கல் என்று புஷ்பலீலா சொன்னாள். அவள் தம்பி மனைவியின் கண் என்று பிறகு மாற்றிக்கொண்டாள். என் மனைவிக்கு எதற்கும் ஒரு காரணம் தெரியும்.

வந்ததும் ஷெர்லின் கிணற்றடிக்குப் போனாள். "அப்பா, கோயம்புத்தூர்ல எல்லாம் குழாய்த்தண்ணிதான். இந்த ருசி எங்கயும் இல்ல."

இரண்டு டம்ளர் குடித்தாள்.

ஜூன் 20

குளத்து நீர் பாட்டில்களில் தெள்ளுகள் செழிப்பாக இருக்கின்றன. முட்டை, குஞ்சு, மறுபடி முட்டை. நஞ்சு மெதுவாகத்தான் வேலை செய்யும். பொறுத்திருக்க வேண்டும்.

கிணற்று நீர் பாட்டில்களில் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. ஆய்வக உதவியாளர் பால்துரை பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறான். கேட்டால் "இல்ல சார், நீங்கதான் கழுவாண்டாம்னு சொன்னிய" என்கிறான். எதிர்த்துப் பேசுவதற்கு மட்டும் இந்தக் கல்லூரியில் ஆள் குறைவில்லை.

ஜூன் 27

பாட்டில்களை நானே கொதிநீரில் கழுவி, நானே கிணற்றில் நீர் எடுத்துத் திரும்ப ஆரம்பித்தேன்.

கல்லூரி நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை: ஆசிரியர்கள் "வெளி விவகாரங்களில்" ஈடுபடக் கூடாதாம். கம்பெனி புதிய கணினி அறை கட்டித் தருகிறது என்பது சுற்றறிக்கையில் இல்லை.

ஜூலை 3

கிணற்று நீரில் தாய்த் தெள்ளுகள் உயிரோடு இருக்கின்றன. முதுகுப் பையில் முட்டை இருக்கிறது. ஆனால் முட்டை கலங்கியிருக்கிறது. பிறந்த சில குஞ்சுகள் அடியில் போய்ப் படுத்துவிடுகின்றன. ஆண் குஞ்சுகளும் தென்படுகின்றன.

மழை நீர் இறங்கியிருக்கும்.

ஜூலை 4

துணி துவைக்கும் பவுடராக இருக்கலாம். புஷ்பலீலாவிடம் கிணற்றடியில் துவைக்காதே என்றேன்.

"அப்பம் எங்க துவைக்க? ஒங்க காலேஜுலயா?"

ஜூலை 8

சுயம்பு கடையில் டீ. குளத்தங்கரை வீடுகளில் ஒன்றிலிருக்கும் ரெத்தினபாய் வந்து எதிரில் நின்றாள். முந்திரி ஆலையில் வேலை. இடுப்பில் குடம், வாயில் வெற்றிலை.

"சார், பூச்சி என்ன சொல்லுது?"

"இன்னும் சொல்லவில்லை."

"நாங்க அதே குளத்துக்க கரையிலதான் ஊத்துத் தோண்டிக் குடிக்கோம். நாங்களும் ஒண்ணும் சொல்லல. அதனால ஒருத்தனும் கேக்கல." குடத்தை மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்க மருமவளும் முழுகாம இருக்கா சார். கொஞ்சம் சீக்கிரமா பாத்துச் சொல்லுங்க. ஒங்க பூச்சி பேசுறதுக்குள்ள பிள்ள பேசிடப் பிடாது."

கடையே சிரித்தது. நானும் சிரித்ததாகச் சுயம்பு பிறகு சொன்னார்.

ஜூலை 12

இயற்பியல் துறையில் ஒரு கதிர்வீச்சுமானி கிடக்கிறது. பழையது, பெட்டியோடு கனக்கும். மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். கதிர் பட்டால் டிக் என்று சத்தம் போடும். குளத்தங்கரையில் சோம்பேறித்தனமாக எப்போதோ ஒரு டிக். ஓடை விழும் இடத்தில் கொஞ்சம் கூடுதல். சேற்றில் வைத்தேன், அதே. மேல்மடை வழியாகக் கால்வாய் நீர் புகுந்து குளத்தை அலசிக்கொண்டு போய்விடுகிறது என்று தோன்றுகிறது. ஏமாற்றமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர் தப்பாக நினைப்பார். ஆனால் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அணைக்க மறந்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசல் கதவைத் தாண்டியதும் பெட்டி பேச ஆரம்பித்தது. முற்றத்தில் வேகம் கூடியது. கிணற்றடியில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தபோது சில்வண்டு மாதிரி இடைவிடாமல் கத்தியது.

ஷெர்லின் ஜன்னலிலிருந்து, "என்னப்பா அது, ரேடியோவா?" என்றாள்.

"ஆமாம்."

கருவி பழையது. தவிர, இந்தக் கடற்கரைப் பகுதியில் மண்ணே அப்படித்தான், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஜூலை 13

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 15

கிணற்று நீரில் இரண்டாம் தலைமுறை என்று ஒன்று இல்லை.

ஜூலை 16

இரண்டு இருபது லிட்டர் கேன் தண்ணீர் வாங்கி ஷெர்லின் அறையில் வைத்தேன். மழைக்காலத்தில் கிணற்று நீரால் சளி பிடிக்கும் என்று சொன்னேன். புஷ்பலீலா ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இதுவர இல்லாத சளி இப்பம் எங்கருந்து வருது? கர்ப்பிணிக்குக் கேன் தண்ணி, எங்களுக்குக் கிணத்துத் தண்ணி. நல்லாருக்கு நியாயம்."

கேன் விலை அவளுக்குத் தெரியாது. சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு.

ஜூலை 19

முற்றத்து மண் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஷெர்லின் கல்யாணத்துக்குப் பந்தல் போட முடியாதபடி முற்றம் தாழ்ந்திருந்தது. மழை பெய்தால் கணுக்கால் அளவு நிற்கும். கம்பெனி அப்போது பிரித்து மிஞ்சிய மணலை வீட்டுமனை மேடாக்க இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கறுப்பும் சிவப்புமாக, கையில் அள்ளினால் பளபளக்கும். நாயும் பூனையும் அசிங்கப்படுத்தாத மண் என்று சனங்கள் புகழ்ந்தார்கள். ஊரில் பாதிப் பேர் வாங்கினார்கள். நம் வீட்டுக்கு ஏற்பாடு செய்தது புஷ்பலீலா.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"நானா? நல்ல கதையாட்டு இருக்கே! நீங்கதான ஒங்க கூட்டுக்காரன் ஞானாபரணத்துக்குப் போன் பண்ணி, கிணத்தச் சுத்தி ரெண்டு லோடு கூடப் போடுன்னு சொன்னிய. வண்டிக்காரனுக்கு மோரு குடுத்தது மட்டும்தான் நான்."

அவள் ஞாபகம் எப்போதும் அப்படி.

ஜூலை 22

வருவாய்க் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை ஆகஸ்ட் எட்டாம் தேதி. சுயம்பு காலையிலும் மாலையிலும் வருகிறார். "சார், ரிசல்ட் கைய விட்டுப் போயிடாதுல்லா? சனங்க ஒங்கள நம்பித்தான் இருக்கு."

என்னிடம் இருக்கும் முடிவு இதுதான்: குளத்து நீரில் தெள்ளுகள் நன்றாக இருக்கின்றன. கம்பெனி மண் போட்ட என் கிணற்றில் சாகின்றன. இதைச் சொன்னால் கம்பெனி மீதான வழக்கு இன்னும் பலமாகும் என்று ஒரு முட்டாள் சொல்லலாம். முதல் வரியிலேயே ஞானாபரணம் எழுந்து நிற்பான். "குளம் நல்லாத்தான இருக்கு? நான் சொன்னதும் அதானே? நத்த வெயில்ல செத்துது." பிறகு என்னைப் பார்த்து, "அந்த மண்ண யாரு கேட்டு வாங்குனா நேசையா?" என்பான். ஆர்டிஓ ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும்.

ஜூலை 24

பாட்டில்களில் லேபிள்கள் ஈரத்தில் கழன்றிருந்தன. எல்லாவற்றையும் புதிதாக எழுதி ஒட்டினேன்.

ஆகஸ்ட் 8

வென்றுவிட்டோம்.

படங்களைக் காட்டினேன். கலங்கிய முட்டை, அடியில் கிடக்கும் குஞ்சுகள். "இது கூவைக்குளம்." துள்ளும் தெள்ளுகள், நிறைந்த முதுகுப் பைகள். "இது அதே ஊரில், கம்பெனிக் கழிவு எட்டாத என் வீட்டுக் கிணறு."

கம்பெனி வரிசையில் ஞானாபரணம் இருந்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. கிணறு என்று சொன்னதும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அந்தக் கிணற்றைச் சுற்றி என்ன கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், அனுப்பியவன் அவன். வாயைத் திறந்தால் கம்பெனி ஊர் முழுக்கக் கொட்டிய மண்ணைப் பற்றிப் பேச வேண்டும். திறக்கவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டோம். அந்த நுண்நோக்கிக் காலத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே பொருளை ஒன்றாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

"கம்பெனி தரப்பில் கேள்வி உண்டா?" என்றார் அதிகாரி.

"இல்லை" என்றான் ஞானாபரணம்.

வெளியே சுயம்பு எனக்குத் துண்டு போர்த்தினார். ரெத்தினபாய், "பூச்சி பேசிட்டுல்லா சார்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆகஸ்ட் 11

பத்திரிகையில் என் படம். தலைப்பில் என் பெயரை நேசய்யன் என்று போட்டிருக்கிறார்கள். துறைத்தலைவர் வாழ்த்துச் சொல்லவில்லை. சொல்லாதது இனித்தது.

ஆகஸ்ட் 13

உத்தரவின் நகல் வந்தது. குளத்தங்கரை ஊற்றுகளை மூட வேண்டும். கம்பெனி குழாய் போட்டுத் தர வேண்டும்; ஆறு மாதத் தவணை. அதற்குக் கீழே ஒரு பத்தி: குழாய் வரும்வரை, பரிசோதனையில் நல்லதென நிறுவப்பட்ட பேராசிரியர் நேசையனின் வீட்டுக் கிணற்றிலிருந்து குளத்தங்கரை மக்கள் குடிநீர் எடுத்துக்கொள்ள, அவருடைய சம்மதத்தைப் பெற்று, ஏற்பாடு செய்யலாம்.

சம்மதத்தைச் சுயம்பு எனக்காகக் கொடுத்துவிட்டார். "நீங்க மாட்டேன்னா சொல்லப் போறிய? ஒங்க மனசு எனக்குத் தெரியாதா சார்!"

ஆகஸ்ட் 14

காலையிலேயே வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் குடங்கள், வரிசை, சத்தம். சுயம்பு வாசலில் ஒரு தட்டி கட்டியிருந்தார்: "பரிசோதிக்கப்பட்ட நல்ல குடிநீர்." புஷ்பலீலா மோட்டாரைப் போட்டுவிட்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

ரெத்தினபாயின் மருமகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வயிறு ஷெர்லினுடையதைவிடக் கொஞ்சம் சிறியது. ஷெர்லின் கிணற்றிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

எனக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 16

மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தேன். பழுது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 17

கயிறும் வாளியும் கொண்டு வந்தார்கள். "மோட்டாரு ஓடலன்னா என்ன சார், எங்களுக்குக் கை இருக்குல்லா" என்றாள் ரெத்தினபாய்.

ஆகஸ்ட் 20

ஷெர்லின் அறையில் கேன் காலி. சொல்லியும் கேன்காரன் வரவில்லை. மாலையில் வந்து பார்த்தால் அவள் கிணற்று நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். டம்ளரைத் தட்டிவிட்டேன். சுவரில் பட்டு உருண்டது.

"என்னப்பா!"

அவள் என்னைப் பார்த்த பார்வை. சிறு வயதில் அவள் விளையாட்டாக நுண்நோக்கியின் கண்ணாடியை உடைத்தபோது நான் அடித்ததற்கும் இப்படித்தான் பார்த்தாள். அழாமல், என்ன நடந்தது என்று கணக்குப் பார்ப்பதுபோல.

"அந்த ரேடியோ," என்றாள் மெதுவாக. "அன்னிக்குக் கிணத்தடியில கத்துனது. அது ரேடியோ இல்லல்லா?"

உருண்ட டம்ளரைக் குனிந்து எடுத்தேன்.

"போன தடவை நான் இங்கதானே இருந்தேன்."

அதற்கும் இதற்கும் தொடர்பு என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. ஒரு தடவை நிகழ்ந்ததை வைத்து எதையும் நிறுவ முடியாது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 21

ஷெர்லின் தன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண் பாதியில் திரும்பிப் போவது ஊர் பேசுகிற விஷயம். புஷ்பலீலா காரணம் கேட்டாள். ஷெர்லின் "அப்பாட்ட கேளுங்க" என்றாளாம்.

கல்லூரியில் வேலை இருந்தது.

ஆகஸ்ட் 23

சொல்லிவிட்டேன்.

சுயம்புவின் கடையில், எல்லோரும் இருக்கும்போது. லேபிளை மாற்றினேன், குளத்து நீரில் பூச்சி சாகவில்லை, என் கிணற்றில்தான் சாகிறது, காரணம் கம்பெனி இனாமாகக் கொடுத்த மண், அது இந்த ஊரில் பல வீட்டுக் கிணற்றைச் சுற்றிக் கிடக்கிறது. பாடம் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னேன்.

சுயம்பு டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி டம்ளரை வைத்தார்.

"கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான் சார்?"

"சுயம்பு..."

"இல்ல, கேக்கேன். ஜெயிக்கிற வர எங்க பக்கம். குழாய் போடணும்னு உத்தரவு வந்த பொறவு, குளம் நல்லாருக்குன்னு சொல்லுதிய. நாங்க படிக்காதவங்கதான். ஆனா பொட்டனுவ இல்ல."

பின்னாலிருந்து ஒருவன், "கிணத்துக்க மேல எரிச்சலாயிருக்கும்லே. சனம் வந்து மிதிக்குல்லா!" என்றான்.

நான் பொய் சொன்னபோது துண்டு போர்த்தினார்கள்.

ஆகஸ்ட் 24

ஞானாபரணம் தொலைபேசியில். எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு அதே குரல், அதே இழுப்பு.

"லேய் நேசையா, கேள்விப்பட்டேன். நல்ல காரியம் செஞ்ச. குளம் நல்லாருக்குன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு, அது போதும். மண்ணு கிண்ணுன்னு பேசாத. அந்த மண்ண நீ கேட்டதுக்கு எனக்க கையில ஆதாரம் இருக்கு."

"உன் வீட்டு முற்றத்தில் அந்த மண் இருக்கிறதா?"

அவன் சிரித்தான். "நான் டவுன்ல ஃபிளாட்டுல இருக்கேன்டேய்."

ஆகஸ்ட் 25

ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கொடுத்தேன், உள்ளது உள்ளபடி. வாங்கிக்கொண்ட எழுத்தர் படித்துவிட்டு, "ரெண்டுல எது சார் உண்மை?" என்றார். ஒரு மாதம் ஆகும் என்றார்.

அதுவரை தண்ணீர் எடுக்கிறார்கள். வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டேன், உடைத்தார்கள். உத்தரவு அவர்கள் கையில் இருக்கிறது, என் சாட்சியத்தோடு.

ஆகஸ்ட் 27

இன்று காலை இரண்டு பாட்டில்களைக் கல்லூரியிலிருந்து எடுத்து வந்து கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆளாக ரெத்தினபாய் வந்தாள்.

"இதைப் பார். இது உங்கள் குளத்துத் தண்ணீர். பூச்சி உயிரோடு இருக்கிறது. இது இந்தக் கிணற்றுத் தண்ணீர். எல்லாம் செத்துவிட்டது."

அவள் குனிந்து இரண்டையும் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். என் மாணவர்கள் பாதிப் பேர் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்பம் இதுதான நல்ல தண்ணி?" என்று கிணற்று பாட்டிலைத் தொட்டாள். "அதுல பூச்சி நெளியுது. இதுல ஒண்ணும் இல்ல. பூச்சி கெடக்க வெள்ளத்த யாராவது குடிப்பாவளா சார்?"

நான் வாயைத் திறந்தேன். எத்தனை விருந்தாளிகளுக்கு நான் டம்ளரை நீட்டியிருக்கிறேன்! ஒரு பூச்சி கிடையாது பாருங்கள். நீரில் எது வாழ்கிறது என்று பார்த்துத்தான் நீரை மதிப்பிட வேண்டும் என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்கிற ஆள் நான்.

அவள் வாளியை இறக்கி இறைத்துக் குடத்தை நிரப்பினாள். இடுப்பில் ஏற்றினாள்.

அப்போது புஷ்பலீலா அடுக்களையிலிருந்து வந்தாள். கை ஈரமாக இருந்தது. நேரே ரெத்தினபாயிடம் போய் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தாள்.

"எக்கா, என்ன செய்திய!"

"அவரு சொல்லுதது நெசம்."

"கம்பெனிக்காரன் துட்டு வாங்கிட்டு..."

"ரெத்தினம், நான் சொல்லுதத கேளு. மகளுக்கு ஒரு மாசமா கேன் தண்ணி வாங்கிக் குடுத்தாரு. இவரு காலேஜுல இருந்து பாட்டில்ல கொண்டாந்து குடிச்சாரு. நான் பாத்தேன், பைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு. நான் இந்தத் தண்ணியத்தான் குடிச்சேன். இன்னைக்குக் காலம்பறயும் குடிச்சேன். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல." என்னைப் பார்க்காமலே பேசினாள். "பொய்யின்னா மொதல்ல எங்கிட்டதான் வந்து அளப்பாரு. முப்பது வருசமா அதான் பழக்கம். எங்கிட்ட மறச்சாருன்னா அது நெசம்."

ரெத்தினபாய் என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் வெற்றிலையைத் துப்பினாள், என் காலுக்குச் சற்றுத் தள்ளி. பிறகு வாசலுக்குப் போய், வந்துகொண்டிருந்த பெண்களிடம் கையை ஆட்டினாள்.

"ஏட்டி, திரும்புங்க! எனக்க மருமவளக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும். திரும்புங்கட்டி!"

போகும்போது தட்டியைப் பிடுங்கிக் கொண்டுபோனாள்.

கவிழ்த்த தண்ணீரை மண் உடனே குடித்துவிட்டது. நல்ல மண்; நீரே நிற்பதில்லை.

மாலையில் கேன்காரன் வந்தான். நான் கூப்பிடவில்லை. புஷ்பலீலா ஒரு கேன் மட்டும் வாங்கி, அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.